ஏழு நாள் ஃப்ரீ, எட்டாவது நாள் பில்: ஹார்பர் ஆபீஸ்ல கத்துக்கிற எக்ஸெல்

எபிசோடின் எழுத்து வடிவம் இது. பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கோம்.

போன எபிசோடுக்கு அப்புறம் திருவொற்றியூர்ல இருந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். பி.காம் முடிச்சிட்டு, இறக்குமதி கண்டெய்னர்களைக் கையாள்ற ஒரு சின்ன ஆபீஸ்ல டாக்குமென்டேஷன் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம் ஆகுது. அவர் சொன்னது இதுதான்: "அண்ணா, காலையில எட்டு மணிக்கு எக்ஸெல் திறந்தா ராத்திரி எட்டு வரைக்கும் அதுலதான் இருக்கேன். ஆனா எனக்கு எக்ஸெல் தெரியாது. ஒரு தேதியைத் தப்பா பார்த்துட்டேன். பாக்ஸ் ஒரு நாள் லேட்டா வெளிய வந்துச்சு. பில் வந்ததும் எல்லாரும் என்னையே பார்த்தாங்க."

இதைக் கேட்டதும் இந்த எபிசோடு முழுக்க இதைப் பத்தியே பேசலாம்னு முடிவு பண்ணிட்டேன். ஏன்னா இது அவர் ஒருத்தர் பிரச்சினை இல்ல. ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரைக்கும், ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸைச் சுத்தி இருக்கிற மாடி ஆபீஸ்கள்ல இருந்து மணலி சி.எஃப்.எஸ். கேட் வரைக்கும், வேலை பார்க்கிற ஆயிரக்கணக்கான பசங்களும் பொண்ணுங்களும் இதே நிலைமைலதான் இருக்காங்க. நாள் முழுக்க எக்ஸெல்ல இருப்பாங்க. அதைச் சொல்லித் தர ஒருத்தரும் இருக்க மாட்டாங்க.

இந்த ஏரியாவும் கட்டம் போட்ட தாளும்

சென்னைத் துறைமுகம் 1881-ல திறந்தது. கண்டெய்னருக்குன்னு தனி டெர்மினல் 1983-ல வந்துச்சு. எண்ணூர்ல இன்னொரு துறைமுகம், இப்ப காமராஜர் துறைமுகம்னு சொல்றோமே, அது 2001-ல செயல்பட ஆரம்பிச்சுது. பக்கத்துலயே காட்டுப்பள்ளி. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில வரிசையா நிக்கிற ட்ரெய்லர் லாரிகளைத் தினம் பார்க்கிறோம். அதுல ஒவ்வொரு லாரிக்குப் பின்னாடியும் எங்கயோ ஒரு ஷீட்ல ஒரு ரோ இருக்கு. கப்பல் எப்ப வந்துச்சு, பாக்ஸ் எப்ப இறங்குச்சு, டி.ஓ. வாங்கியாச்சா, ட்யூட்டி கட்டியாச்சா, காலிப் பெட்டியைத் திருப்பி விட்டாச்சான்னு எல்லாம் அதுலதான்.

வேடிக்கை என்னன்னா, கம்ப்யூட்டர்ல ஸ்ப்ரெட்ஷீட்டோட வயசும் நம்ம கண்டெய்னர் டெர்மினலோட வயசும் கிட்டத்தட்ட ஒண்ணு. டேன் பிரிக்ளின், பாப் ஃப்ராங்ஸ்டன் ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்ச விசிகால்க் 1979-ல வெளிவந்துச்சு. மைக்ரோசாஃப்ட் எக்ஸெல் 1985-ல, அதுவும் முதல்ல மேக் கம்ப்யூட்டருக்கு. பிரிக்ளினுக்கு அந்த யோசனை வந்தது ஹார்வர்டுல மேனேஜ்மென்ட் படிக்கிறப்ப. கணக்குல ஒரு எண்ணை மாத்தினா அதைச் சார்ந்த எல்லா எண்ணையும் அழிச்சு மறுபடி எழுத வேண்டியிருக்கேங்கிற எரிச்சல்தான் ஆரம்பம். ஒண்ணை மாத்தினா மத்தது தானா மாறணும். எக்ஸெல்லோட உயிர் அதுதான். நாம பல பேர் அதை விட்டுட்டு, டைப் பண்ற நோட்டு மாதிரி மட்டும் அதைப் பயன்படுத்துறோம்.

முதல் பழக்கம்: ஒரு பாக்ஸ், ஒரு ரோ

உங்க ஆபீஸ் ஷீட்டைத் திறந்து பாருங்க. மேல கம்பெனி பேர் பெருசா, மூணு செல்லை மெர்ஜ் பண்ணி வச்சிருக்கும். நடுவுல ஒரு காலி ரோ. அவசரமான பாக்ஸுக்கு மஞ்சள் கலர். முடிஞ்சதுக்குப் பச்சை. ஒரே செல்லுக்குள்ள "டி.ஓ. வந்தாச்சு, ட்யூட்டி பாக்கி"ன்னு ரெண்டு தகவல்.

மனுஷக் கண்ணுக்கு இது அழகு. ஃபார்முலாவுக்குக் கலர் தெரியாது. மெர்ஜ் பண்ண செல் இருந்தா ஸார்ட் பண்ணும்போது தகராறு வரும். நடுவுல காலி ரோ இருந்தா ஃபில்டர் அதோட நின்னுடலாம். அதனால மூணு விதி வச்சுக்கங்க. ஒரு ரோவுல ஒரே ஒரு கண்டெய்னர். ஒரு நெடுவரிசையில ஒரே வகைத் தகவல். கலர்ல சொல்றதை வார்த்தையா எழுத ஒரு தனி நெடுவரிசை, அதாவது "நிலை". அப்புறம் டேட்டாமேல வச்சு கண்ட்ரோல்-டி அழுத்தி டேபிளா மாத்துங்க. புது ரோ சேர்த்தா ஃபார்முலா தானா கீழ இறங்கும்.

இன்னொண்ணு. வெளியில இருந்து வந்த ஃபைலை, அதாவது லைன் அனுப்பினது, டெர்மினல் அனுப்பினது, அப்படியே ஒரு ஷீட்ல வச்சிருங்க. அதைத் தொடாதீங்க. உங்க வேலையெல்லாம் அடுத்த ஷீட்ல. நாளைக்கு ஏதாவது தப்பு வந்தா, அது வரும்போதே தப்பா இருந்துச்சா, நாம தப்பு பண்ணோமான்னு சொல்ல உங்ககிட்ட ஆதாரம் இருக்கும். ஜூனியரா இருக்கிறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

தேதி: சத்தமில்லாம மாறுற ஆள்

நம்ம தம்பி மாட்டினது இங்கதான். வெளிநாட்டு சிஸ்டத்துல இருந்து வர்ற ஃபைல்ல தேதி பல நேரம் மாசம்-நாள்-வருஷம்னு இருக்கும். 09/05/2025-ன்னு இருந்தா அவங்களுக்கு அது செப்டம்பர் 5. நம்ம கம்ப்யூட்டர் இந்திய செட்டிங்ல இருந்தா அதை மே 9-ன்னு எடுத்துக்கும். எந்த எச்சரிக்கையும் வராது.

அதே ஃபைல்ல 09/25/2025-ன்னு ஒண்ணு இருந்தா? இருபத்தஞ்சாவது மாசம்னு ஒண்ணு இல்ல. அதனால எக்ஸெல் அதைத் தேதியாவே ஏத்துக்காம, வெறும் எழுத்தா விட்டுடும். ஆக ஒரே நெடுவரிசையில பாதி தப்பான தேதி, பாதி தேதியே இல்ல. பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்.

கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கு. அலைன்மென்ட்டை யாரும் மாத்தலைன்னா, உண்மையான தேதி செல்லோட வலது பக்கம் ஒட்டி நிக்கும், எழுத்து இடது பக்கம் நிக்கும். ஏன்னா எக்ஸெல்லுக்குத் தேதின்னா ஒரு எண். இன்னும் உறுதியா பார்க்கணும்னா பக்கத்துல ஐஸ்-நம்பர் ஃபார்முலா போடுங்க. ஃபால்ஸ்னு வந்தா அது தேதி இல்ல.

இதுல பெரிய ஆபத்து ஒண்ணு ஒளிஞ்சிருக்கு. "கடைசி ஃப்ரீ நாள் இன்னைக்கு முன்னாடி போயிடுச்சுன்னா சிவப்பு ஆகு"ன்னு நீங்க ஒரு கண்டிஷன் போட்டு வச்சிருக்கீங்கன்னு வைங்க. எக்ஸெல்ல எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட்டா, எப்பவும் எழுத்துதான் பெருசுன்னு எடுத்துக்கும். அப்ப எழுத்தா உட்கார்ந்திருக்கிற தேதி, என்னைக்குமே காலாவதி ஆகாது. அந்த ரோ சிவப்பே ஆகாது. ஷீட் "எல்லாம் நல்லா இருக்கு"ன்னு சொல்லும். பில் மட்டும் ஏறிட்டே இருக்கும்.

என்ன பண்ணலாம்? வெளி ஃபைலை டபுள் கிளிக் பண்ணித் திறக்காம, டேட்டா மெனு வழியா இம்போர்ட் பண்ணுங்க. அங்க இந்தத் தேதி மாசம்-நாள்-வருஷம்னு நீங்களே சொல்லலாம். உங்க ஷீட்ல காட்டும்போது மாசத்தை எழுத்துல காட்டுங்க. 05-செப்-2025-ன்னு இருந்தா யாரும் குழம்ப மாட்டாங்க.

ஃப்ரீ நாளை எண்ணுறது எப்படி

புதுசா கேக்கிறவங்களுக்காக: கண்டெய்னரைக் குறிப்பிட்ட நாள் வரைக்கும் கட்டணம் இல்லாம வச்சிருக்கலாம். அதுக்குப் பேர் ஃப்ரீ டைம். தாண்டினா காசு. டெர்மினல்லயோ சி.எஃப்.எஸ்-லயோ இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கிறதுக்கு ஒரு கட்டணம். கப்பல் கம்பெனியோட பெட்டியைத் திருப்பித் தராம வச்சிருக்கிறதுக்கு இன்னொரு கட்டணம், அதை டிடென்ஷன்னு சொல்லுவோம். ரெண்டும் தனித்தனியா ஓடும். நாள் ஆக ஆக ரேட்டும் ஏறுற மாதிரிதான் பெரும்பாலும் இருக்கும்.

இப்ப கணக்கு. ஆகஸ்ட் 28 பாக்ஸ் இறங்குது. ஏழு நாள் ஃப்ரீ. கடைசி ஃப்ரீ நாள் எது? பல பேர் 28-ம் தேதியோட 7 கூட்டுவாங்க. செப்டம்பர் 4-ன்னு வரும். ஆனா இறங்கின நாளும் கணக்குல சேரும்னா விரல்விட்டு எண்ணிப் பாருங்க. 28, 29, 30, 31, 1, 2, 3. ஏழு நாள் முடிஞ்சுது. கடைசி நாள் செப்டம்பர் 3. நாலாம் தேதி பில் ஆரம்பிச்சாச்சு. அதனால ஃபார்முலா: இறங்கின தேதி கூட்டல் ஃப்ரீ நாள் கழித்தல் 1.

ஒரு உதாரணக் கணக்குக்கு, ஒரு பாக்ஸுக்கு ஒரு நாள் 4,000 ரூபாய்னு வைங்க. ஒரே கப்பல்ல 12 பாக்ஸ் வந்திருக்குன்னா, அந்த ஒரு "கழித்தல் 1" மறந்ததுக்கு 48,000 ரூபாய். ஒரு ஜூனியரோட மாசச் சம்பளத்தைவிட இது பெரிய தொகையா இருக்கலாம்.

இறங்கின நாளைச் சேர்க்கணுமா வேண்டாமாங்கிறது ஒவ்வொரு லைனோட விதியைப் பொறுத்தது. அதனால அந்த ஃப்ரீ நாளையும், "முதல் நாள் சேருமா" அப்படிங்கிறதையும் ஃபார்முலாவுக்குள்ள புதைச்சு வைக்காதீங்க. தனி ஷீட்ல லைன் வாரியா ஒரு பட்டியல் போட்டு, அதுல இருந்து எடுங்க. விதி மாறினா ஒரு இடத்துல மாத்தினா போதும். பிரிக்ளினோட எரிச்சலுக்கு மருந்தே அதுதானே.

கண்டெய்னர் நம்பர்: உங்க முதல் ப்ராஜெக்ட்

யூடியூப்ல எக்ஸெல் வீடியோ பார்த்தா பழக்கடை விற்பனைக் கணக்கு சொல்லித் தருவாங்க. ரெண்டு நாள்ல மறந்துடும். நம்ம ஏரியாவுக்கு அதைவிட நல்ல பாடம் லாரி முதுகுலயே எழுதியிருக்கு.

கண்டெய்னர் நம்பர்ல நாலு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில பெரும்பாலும் கட்டம் போட்டு ஒரு இலக்கம் இருக்கும். ஐ.எஸ்.ஓ. 6346-ங்கிற சர்வதேசத் தரம் இது. முதல் மூணு எழுத்து உரிமையாளரோட கோட். பாரீஸ்ல இருக்கிற பி.ஐ.சி. அமைப்புல அதைப் பதிவு பண்ணணும். நாலாவது எழுத்து, சரக்குப் பெட்டின்னா, யூ. அந்தக் கடைசி இலக்கம்தான் செக் டிஜிட். மத்த பத்தும் சரியான்னு சோதிக்கிற காவல்காரர்.

கணக்கு இப்படி. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மதிப்பு. ஏ-வுக்கு 10, பி-க்கு 12, சி-க்கு 13, இப்படியே இசட்டுக்கு 38 வரைக்கும். நடுவுல 11, 22, 33 மூணையும் விட்டுடுவாங்க. ஏன்னா கடைசியில 11-ஆல வகுக்கப் போறோம், அந்த மூணும் மீதி இல்லாம போயிடும். பத்து இடத்தையும் வரிசையா 1, 2, 4, 8-ன்னு இரட்டிச்சு 512 வரைக்கும் பெருக்கிக் கூட்டணும். 11-ஆல வகுத்து வர்ற மீதிதான் செக் டிஜிட். மீதி 10 வந்தா 0.

ஒரு நம்பரைப் போட்டுப் பார்ப்போம். சி-எஸ்-க்யூ-யூ 305438, செக் டிஜிட் 3. எழுத்து மதிப்புகள் 13, 30, 28, 32. பெருக்கினா 13, 60, 112, 256. அடுத்து இலக்கங்கள்: 48, 0, 320, 512, 768, 4096. மொத்தம் 6,185. 11-ஆல வகுத்தா மீதி 3. சரி!

இப்ப கேட்ல இருந்து ஒருத்தர் ஃபோன்ல சொல்றப்ப 54-ஐ 45-ன்னு மாத்தி எழுதிட்டீங்க. 304538. மொத்தம் 6,249. மீதி 1. செக் டிஜிட் 3. பொருந்தலை. லாரி கிளம்புறதுக்கு முன்னாடியே மாட்டிக்கிச்சு.

இதை எக்ஸெல்ல கட்ட, ஒரு ஷீட்ல எழுத்து 26, இலக்கம் 10, ஆக 36 ரோ மதிப்புப் பட்டியல். மிட் ஃபங்ஷன் வச்சு நம்பர்ல இருந்து ஒவ்வொரு எழுத்தா பிரிங்க. எக்ஸ்-லுக்அப் வச்சு மதிப்பு எடுங்க. சம்-ப்ராடக்ட் வச்சுப் பெருக்கிக் கூட்டுங்க. மாட் 11, அதுக்குமேல ஒரு மாட் 10. அந்த ரெண்டாவது மாட், 10-ஐ 0 ஆக்கிடும், மத்ததைத் தொடாது.

முதல் தடவை வேலை செய்யாது. முன்கூட்டியே சொல்லிடறேன். மிட் எடுத்துத் தர்ற 3 எண் இல்ல, எழுத்து. உங்க பட்டியல்ல 3 எண்ணா இருந்தா எக்ஸெல் கண்டுபிடிக்காது. பட்டியல்லயும் இலக்கங்களை டெக்ஸ்டா வைக்கணும். இந்த ஒரு சிக்கல்ல அரை மணி நேரம் முட்டினீங்கன்னா, எண்ணுக்கும் எழுத்துக்கும் உள்ள வித்தியாசம் வாழ்க்கைக்கும் மறக்காது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இந்தக் காவல்காரருக்கும் ஒரு குருட்டுப் புள்ளி இருக்கு. ஏ-வோட மதிப்பு 10, கே-யோட மதிப்பு 21. வித்தியாசம் சரியா 11. அதனால ஏ-வுக்குப் பதிலா கே எழுதினா செக் டிஜிட் மாறாது, தப்பு பிடிபடாது. ஃபோன்ல எது ஏ, எது கே-ன்னு குழம்புறது சகஜம்தானே! அதனால உரிமையாளர் கோடை டைப் பண்ண விடாம, டேட்டா வேலிடேஷன்ல ஒரு லிஸ்ட் வச்சு அதுல இருந்து மட்டும் எடுக்கிற மாதிரி பண்ணிடுங்க.

லுக்அப்ல ஒரு பொறி

உங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல பழைய எக்ஸெல்னா எக்ஸ்-லுக்அப் இருக்காது. வி-லுக்அப்தான். அதுல கடைசியா ட்ரூ, ஃபால்ஸ்னு ஒண்ணு கேக்கும். ஒண்ணும் தராம விட்டா ட்ரூன்னு எடுத்துக்கும். அப்படின்னா "சரியா அதே இல்லாட்டி, கிட்டத்தட்ட ஒண்ணைக் கொடு." கண்டெய்னர் விஷயத்துல கிட்டத்தட்டங்கிறது வேற யாரோட பெட்டியோ. எப்பவும் ஃபால்ஸ் போடுங்க. எக்ஸ்-லுக்அப்ல இந்தப் பிரச்சினை இல்ல, அது தானாவே சரியான பொருத்தத்தைத்தான் தேடும்.

ரெண்டு நம்பரும் கண்ணுக்கு ஒண்ணா தெரிஞ்சும் கிடைக்கலையா? கடைசியில ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கிட்டு இருக்கலாம். ட்ரிம் போடுங்க. நடுவுல கோடு, இடைவெளி இருந்தா சப்ஸ்டிட்யூட் போட்டு எடுத்துடுங்க. 044-ன்னு டைப் பண்ணா 44 ஆகிடுதா? டைப் பண்றதுக்கு முன்னாடி நெடுவரிசையை டெக்ஸ்டா மாத்துங்க. சீல் நம்பருக்கும் இதே வைத்தியம்.

இங்கிலாந்துல நடந்தது

"எக்ஸெல் தெரியாததால தப்பு பண்ணிட்டேன்"னு குறுகிப் போயிருக்கிற தம்பிக்கு ஒரு சம்பவம் சொல்லணும். 2020 கொரோனா காலம். இங்கிலாந்து பொது சுகாதாரத் துறை, பரிசோதனை முடிவுகளைப் பழைய வகை எக்ஸெல் ஃபைல்ல சேர்த்துச்சு. அந்தப் பழைய வகையில 65,536 ரோவுக்கு மேல போகாது. மிச்சம் எல்லாம் சத்தமில்லாம விழுந்துடுச்சு. செப்டம்பர் 25-ல இருந்து அக்டோபர் 2 வரைக்குமான 15,841 தொற்றுகள் தினசரிக் கணக்குல வரலை. அவங்களோட தொடர்புல இருந்தவங்களைத் தேடற வேலையும் தாமதமாச்சு.

ஒரு நாட்டோட சுகாதாரத் துறைக்கே இது நடந்திருக்கு. இதுல இருந்து நாம எடுத்துக்க வேண்டியது ஒரு சின்னப் பழக்கம். உள்ள எத்தனை ரோ வந்துச்சு, வெளிய எத்தனை ரோ போச்சு, ரெண்டும் சமமா? லைன் 140 பாக்ஸ்னு சொல்லுது, உங்க ஷீட்ல 140 இருக்கா? ஷீட்டோட உச்சியில ஒரு கவுண்ட் ஃபார்முலா போட்டு வைங்க. பத்து செகண்ட் வேலை.

வேகமா முடிச்சா இன்னும் வேலை தானே தருவாங்க?

இந்தக் கேள்வியை நிறைய பேர் கேக்கறீங்க. நியாயமான கேள்வி. என் பதில் இது: மிச்சமாகிற நேரத்துல முதல் அரை மணி நேரத்தை உங்களுக்கு எடுத்துக்கங்க. காலையில மெயில் பார்க்கிறதுக்கு முன்னாடி, கடைசி ஃப்ரீ நாள் வாரியா ஷீட்டை ஸார்ட் பண்ணுங்க. இன்னைக்கு, நாளைக்கு, நாளன்னைக்கு முடியறது எதுன்னு பார்த்து, அந்தப் பட்டியலை டீமுக்கு அனுப்பிடுங்க. அன்னைக்கு எந்த வேலை முதல்ல, எது அப்புறம்னு அதுவே சொல்லிடும். யாரு அதிகமா கத்துறாங்களோ அவங்க வேலையை முதல்ல செய்யற நிலைமை குறையும்.

வாரத்துக்கு ஒரே ஒரு விஷயம் கத்துக்கங்க. முதல் வாரம் டேபிள், அடுத்தது தேதி, அடுத்தது லுக்அப், நாலாவது வாரம் செக் டிஜிட். விம்கோ நகர்ல இருந்து மெட்ரோ ஏறினா கிடைக்கிற அந்த நேரத்துல வீடியோ பார்க்கலாம். ஆனா கை வச்சுப் பண்ணாத பாடம் நிக்காது. ஆபீஸ் ஷீட்டோட ஒரு நகல்ல, நேத்து உங்களை எரிச்சல்படுத்தின ஒரு வேலையை எடுத்துக்கிட்டு அதுல பழகுங்க.

கடைசியா தம்பிக்கு. அன்னைக்குத் தப்பு நடந்தது ஒரு தேதியால. அந்தத் தேதியை ரெண்டாவது ஆள் சரி பார்க்கிற முறை ஆபீஸ்ல இல்லாததும், ஃப்ரீ நாள் விதி எங்கயும் எழுதி வைக்காததும் உங்க தப்பு இல்ல. ஆனா அந்த விதியை எழுதி வைக்கிற முதல் ஆளா நீங்க இருக்கலாம். ஷீட்டோட முதல் பக்கத்துல, எந்த லைனுக்கு எத்தனை நாள், முதல் நாள் சேருமா, தேதி எந்த முறையில வரும்னு எழுதிடுங்க. உங்களுக்கு அப்புறம் அந்த நாற்காலில உட்காரப் போற இன்னொரு தம்பியோ தங்கச்சியோ, எல்லாரும் தன்னையே பார்க்கிற அந்த நாளைப் பார்க்காம இருக்கட்டும்.

செக் டிஜிட் ஷீட்டைக் கட்டினவங்க, வேலை செஞ்சாலும் செய்யலைன்னாலும், வாய்ஸ் நோட் அனுப்புங்க. எங்க முட்டிக்கிச்சுன்னு சேர்ந்து பார்ப்போம். அடுத்த எபிசோடுல சந்திப்போம்.